பால்டர்ஸ் கேட் 3: வில்லைத் தொடாமல், நெருங்கி நின்று குத்தும் ரோக்கை வளர்ப்பது எப்படி?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் இருவர், புதுச்சேரியில் இருவர் என நால்வர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் இணையவழியே பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினிப் பாத்திர ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருக்கிறோம். கடினநிலை டாக்டீஷியன் (எதிரிகள் வலுவாக இருக்கும் நிலை). அதைவிடக் கடினமான ஹானர் நிலைக்குக் கார்த்திகை மழை ஓயும்வரை போவதாக இல்லை. அதில் சேமிப்பு ஒன்றே ஒன்றுதான், எங்கள் தெருவின் மின்சாரத்தை நம்பி அந்த ஒன்றைப் பணயம் வைக்க எனக்குத் துணிவில்லை.

குழுவில் லாஸ்பேட்டை நண்பர் பார்பேரியன் (வெறிகொண்டு முன்னால் நின்று அடிப்பவர்), முத்தியால்பேட்டை நண்பர் கிளெரிக் (தெய்வ மந்திரம் செய்பவர்), வண்டிப்பாளையத்து நண்பர் பார்ட் (பாடல் மந்திரக்காரர்), நான் ரோக் (பதுங்கிக் குத்துபவர்). ரோக் என்று தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை இரு கைகளிலும் குறுக்குவில்லைப் பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து எய்யச் சொல்கின்றன. அது வலிமையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரியின் பக்கத்தில் போய் நின்று, இரண்டு சிறுவாள்களோடு ஆடுகிற ரோக்தான் எனக்கு வேண்டும்.

நான் வைத்திருக்கும் புள்ளிகள்: ஸ்ட்ரெங்த் (வலிமை) 8, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 17, கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) 16, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 8, விஸ்டம் (விவேகம்) 13, கரிஸ்மா (கவர்ச்சி) 12. இனம் வுட் எல்ஃப். ஒரு முறைக்கு 10.5 மீட்டர் நகரலாம் என்பதற்காகவே அதை எடுத்தேன். இப்போது 3-ஆம் லெவலுக்கு வந்து உட்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிற்கிறேன். மனம் அசாசின் (மறைந்திருந்து கொல்பவர்) என்ற உட்பிரிவை நோக்கிப் போகிறது. 12-ஆம் லெவல்வரை ரோக்காகவே இருப்பதா, வேறு வகுப்பைக் கலப்பதா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும். கதைத் திருப்பங்களை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

---

ஊசுடேரி (புதுச்சேரி)

புள்ளிகள் நன்றாகவே இருக்கின்றன. 4-ஆம் லெவலில் கிடைக்கும் ஃபீட்டில் (சிறப்புச் சலுகை) டெக்ஸ்டெரிட்டிக்கு ஒன்று, விஸ்டமுக்கு ஒன்று கொடுத்தால் 18, 14 என இரண்டும் இரட்டைப்படையில் அமர்ந்துவிடும். வுட் எல்ஃபும் சரியான தேர்வு; ஹாஃப்லிங் என்றால் 7.5 மீட்டர்தான், அந்த மூன்று மீட்டர் கைவாளோடு ஓடுகிறவருக்குப் பெரிய தொகை.

உட்பிரிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த ஆட்டத்தில் ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர் எல்லோருக்கும் 5-ஆம் லெவலில் இரண்டாவது அடி கிடைக்கிறது. ரோக்குக்கு அது கடைசிவரை கிடைப்பதில்லை. அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டிருப்பது ஸ்னீக் அட்டாக் எனும் கூடுதல் சேதம். முதல் லெவலில் ஓர் ஆறு பக்கப் பகடை, பிறகு ஒவ்வோர் ஒற்றைப்படை லெவலிலும் ஒன்று கூடி, 11-ஆம் லெவலில் ஆறு பகடைகள். ஆனால் ஒரு முறைக்கு ஒரு தடவைதான். எனவே உங்கள் ரோக்கின் தரத்தை ஒவ்வொரு முறையும் அந்த ஒரு குத்து விழுகிறதா இல்லையா என்பதைக் கொண்டு மட்டும் அளக்கலாம்.

அது விழுவதற்கு இரண்டு வழிகள். அடிக்கு அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததைக் கொள்வது) இருக்க வேண்டும். அல்லது உங்கள் தோழர் ஒருவர் அந்த எதிரியிலிருந்து 1.5 மீட்டருக்குள் நிற்க வேண்டும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (தாழ்ந்ததைக் கொள்வது) இருக்கக் கூடாது. வில்லாளி ரோக் முதல் வழியில் பதுங்கிப் பதுங்கியே காலத்தை ஓட்டிவிடுவார். கைவாள் ரோக்குக்கு இரண்டாவது வழிதான் அன்றாடச் சோறு.

கணக்கிட்டுப் பார்ப்போம். 5-ஆம் லெவல், டெக்ஸ்டெரிட்டி 18, இரு கைகளிலும் சிறுவாள், உட்பிரிவு தீஃப் (கள்வர்) என்று வையுங்கள். முதன்மைக் கை சராசரியாக ஆறு பக்கப் பகடையின் 3.5 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி 18 தரும் 4, அதாவது 7.5. முறைக்கு ஒரு முதன்மைச் செயலுக்கு (ஆக்‌ஷன்) மேல் செய்யும் சிறு செயல்தான் போனஸ் ஆக்‌ஷன்; தீஃபுக்கு இரண்டு போனஸ் ஆக்‌ஷன் இருப்பதால் இடக்கையால் இரண்டு அடிகள். அவற்றில் டெக்ஸ்டெரிட்டி சேராது என்பதால் தலா 3.5. ஸ்னீக் அட்டாக் மூன்று பகடை, 10.5. ஒவ்வோர் அடியும் பட 65 சதவீத வாய்ப்பு என்று கொண்டால், மூன்றில் ஒன்றாவது பட 95.7 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மொத்தச் சராசரி ஏறக்குறைய 19.5. இரு கை வாளை அதே வாய்ப்பில் இருமுறை வீசும் ஃபைட்டருக்கு, ஸ்ட்ரெங்த் 18 என்றால், 14.3 வருகிறது. இப்போது பக்கத்தில் தோழர் யாரும் இல்லை, அட்வான்டேஜும் இல்லை என்று வையுங்கள்: உங்கள் 19.5 சரிந்து 9.4 ஆகிவிடும். பாதிக்கும் கீழே.

ஆகவே எனக்கு முக்கியமாகத் தெரிகிற கேள்வி, லாஸ்பேட்டை பார்பேரியன் எங்கே நிற்கப் போகிறார் என்பதுதான். உங்கள் வாள், ஃபீட், உட்பிரிவு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. என் பரிந்துரை தீஃப்.

---

வண்டிப்பாளையத்து பார்ட் (கடலூர்)

மேலே சொல்லப்பட்ட பார்ட் நான்தான். அசாசினுக்காக ஒரு வார்த்தை. சண்டை தொடங்கும்போது செலவழித்த ஆக்‌ஷனும் போனஸ் ஆக்‌ஷனும் அசாசினுக்குத் திரும்பக் கிடைக்கின்றன; இன்னும் தன் முறையை ஆடாத எதிரிமேல் அட்வான்டேஜ் கிடைக்கிறது; திகைத்து நிற்கும் எதிரிமேல் படுகிற ஒவ்வோர் அடியும் கிரிட்டிகல். கிரிட்டிகல் என்றால் ஸ்னீக் அட்டாக் பகடைகளும் இரட்டிக்கும். எதிரி வாளை உருவுவதற்குள் ஒருவன் தரையில் கிடப்பான். தீஃபிடம் இந்த அழகு ஏது?

---

ஊசுடேரி

அழகில் குறை சொல்ல மாட்டேன், தனியாக ஆடுகிறவருக்கு அசாசின் மிகச் சிறந்த உட்பிரிவு. நால்வர் ஆடும் ஆட்டத்தில் எதிரியைத் திகைக்க வைப்பதற்கு நான்கு பேரின் பொறுமையும் வேண்டும். ரோக் பார்வைக் கூம்புகளுக்கு வெளியே, நிழலுக்குள் நிழலாக ஊர்ந்துகொண்டிருக்கையில், ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய்த் தலைவனிடம் பேச்சுக் கொடுத்துவிடுவார். அந்த ஒருவர் பெரும்பாலும் பார்டாகத்தான் இருப்பார்.

தவிர, அசாசினின் பலம் முதல் முறையோடு முடிந்துவிடுகிறது. டாக்டீஷியனில் எதிரிகளுக்கு உயிர்ப்புள்ளிகள் கூடுதல். பெரிய சண்டைகள் நான்கைந்து சுற்றாவது போகும். இரண்டாவது சுற்றிலிருந்து அசாசின் என்பவர் ஒரு போனஸ் ஆக்‌ஷன் குறைந்த தீஃப்.

அசாசினோ தீஃபோ, முதலில் ஆடுவது மட்டும் இருவருக்கும் தேவை. இதற்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டத்தின் மூல விதிகளில் இருபது பக்கப் பகடை உருட்டி இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது) பார்ப்பார்கள். இந்த ஆட்டத்தை உருவாக்கிய லேரியன் நிறுவனத்தார் இதில் நான்கு பக்கப் பகடையை வைத்துவிட்டார்கள். நான்கு பக்கப் பகடையோடு டெக்ஸ்டெரிட்டியின் 4 சேர்ந்தாலே பெரும்பாலானோரை முந்தலாம். அதன்மேல் அலர்ட் ஃபீட்டின் 5 சேர்ந்தால் உங்களுக்கு முன்னால் ஆடுபவர் அரிது. 8-ஆம் லெவலில் அதை எடுப்பதை யோசியுங்கள். அதில் ஒரு சிக்கலும் உண்டு: கைவாள் ரோக் எல்லோருக்கும் முன்னால் ஆடினால், பக்கத்தில் நிற்க வேண்டிய பார்பேரியன் இன்னும் தன் இடத்திலேயே இருப்பார். குழுவில் அடுத்தடுத்து முறை வரும் தோழர்களை ஆட்டம் சேர்த்துவிடுவதால், அப்போது முதலில் பார்பேரியனைப் பாய விட்டு அடுத்து நீங்கள் போகலாம். அப்படிச் சேராத சண்டைகளில் முதல் முறையில் வில்லைத் தொடத்தான் வேண்டியிருக்கும். உங்கள் கொள்கைக்கு அது இழுக்கு என்றால் பதுங்கி நில்லுங்கள்.

---

கெடிலக்கரை

மிக்க நன்றி. தீஃப் என்று முடிவு செய்துவிட்டேன். பார்டைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் எனக்குள்ள பயம் வேறு. நெருங்கிப் போனவர் திரும்ப வர வேண்டுமே? என் மனத்தில் இருப்பது சடுகுடு: பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் நுழைந்து, தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்கு இப்பால் வந்துவிட வேண்டும். போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்என்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) செய்யலாம் என்று 2-ஆம் லெவலிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் இடக்கை அடிக்கும் அதே போனஸ் ஆக்‌ஷன், மறைவதற்கும் அதே, மருந்து குடிப்பதற்கும் அதே. எதை எப்போது செலவழிப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். மேலும் பழைய காணொளி ஒன்றில் குதித்தால் எதிரியின் குறுக்கடி (விலகுகிறவர்மேல் விழும் அடி) விழாது என்று பார்த்தேன். நான் குதித்தபோது இரண்டு பேர் அடித்தார்கள்.

---

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

அந்தக் காணொளி முன்னோட்டக் காலத்தியதாக இருக்கும். 2020 அக்டோபரில் ஆட்டம் முன்னோட்டமாக வந்தபோது குதித்தலும் டிஸ்என்கேஜும் ஒரே செயலாக இருந்தன. 2023 ஆகஸ்டில் முழு ஆட்டம் வெளிவந்தபோது அவை பிரிந்திருந்தன. இப்போது குதித்தாலும் விலகும்போது குறுக்கடி விழும். அதே போல எதிரியின் முதுகுப் பக்கம் நின்றால் அட்வான்டேஜ் என்பதும் அந்தக் காலத்தோடு போய்விட்டது. இருபுறம் சூழ்ந்தால் அட்வான்டேஜ் என்ற விதியும் இதில் இல்லை. 2023-க்கு முந்தைய குறிப்பு எதையும் கைவாள் ரோக் விஷயத்தில் நம்ப வேண்டாம்.

போனஸ் ஆக்‌ஷனைப் பற்றி: முதலில் ரியாக்‌ஷன் (எதிர்வினை) பட்டியலுக்குப் போய், ஸ்னீக் அட்டாக்கை ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் செய்யும்படி மாற்றி வையுங்கள். பிறகு எப்போதும் சாதாரண அடியையே அடியுங்கள். பட்டால் ஆட்டமே கேட்கும். ஆம் என்று சொல்லலாம். இதன் நன்மை என்னவென்றால், முதல் அடி தவறினாலும் இடக்கை அடியில் அதே ஸ்னீக் அட்டாக்கைச் சேர்க்க முடியும். ஊசுடேரி சொன்ன 95.7 சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது.

இதிலிருந்து ஒழுங்கு தானாக வரும். முதன்மைக் கை பட்டு, ஸ்னீக் அட்டாக் விழுந்துவிட்டதென்றால் இடக்கையின் மதிப்பு வெறும் 3.5, எதிரி சாகும் நிலையில் இல்லையென்றால் அந்த 3.5-க்காக நிற்காமல், டிஸ்என்கேஜ் செய்து விலகி, மீதமிருக்கும் இன்னொரு போனஸ் ஆக்‌ஷனில் மறைந்துகொள்ளுங்கள். முதன்மைக் கை தவறிவிட்டதென்றால் இடக்கையின் மதிப்பு 3.5 கூட்டல் 10.5, அப்போது தப்பிப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது, இரண்டு போனஸ் ஆக்‌ஷனையும் அடிப்பதில் போடுங்கள். வாளில் நஞ்சு பூசுவதும் போனஸ் ஆக்‌ஷன்தான் என்பதால் அதைச் சண்டைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

சடுகுடு உவமையில் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. பாடிப் போகிறவர் தனியாகப் போவார். கைவாள் ரோக் தனியாகப் போனால் 9.4 தான். நீங்கள் பிடிக்கிற அணியில் ஓரத்தில் நிற்பவர். பக்கத்தில் நிற்பவர் எதிரியின் கவனத்தைத் தாங்கிக்கொண்டிருக்கையில் காலைப் பிடித்து வாருகிறவர்.

உயிரைப் பற்றி அவ்வளவு பயமும் வேண்டாம். ரோக் என்றால் ஊதினால் விழுந்துவிடுவார் என்ற பேச்சு மிகை. கான்ஸ்டிடியூஷன் 16 என்றால் 5-ஆம் லெவலில் உங்களுக்கு 43 உயிர்ப்புள்ளிகள். அதே கான்ஸ்டிடியூஷன் உள்ள ஃபைட்டருக்கு 49. வேறுபாடு ஆறு. அதே லெவலில் கிடைக்கும் அன்கேனி டாட்ஜால், உங்கள்மேல் படுகிற ஓர் அடியைப் பாதியாகக் குறைக்கலாம். உண்மையான குறை கவசத்தில்: பொத்தான் பதித்த தோல் கவசமும் டெக்ஸ்டெரிட்டி 18-ம் சேர்ந்து 16, முழு உலோகக் கவசமும் கேடயமும் போட்ட ஃபைட்டருக்கு 20. ஒருவரிடம் அடி வாங்கலாம், மூவரிடம் வாங்கக் கூடாது. அதுதான் அளவு.

---

சங்கராபரணி (வில்லியனூர், புதுச்சேரி)

எல்லாம் சரி, ஆனால் 12-ஆம் லெவல்வரை தூய ரோக்காகவே போகலாம் என்ற திசையில் பேச்சு நகர்வதை ஏற்க முடியவில்லை. ரேஞ்சர் 5, தீஃப் 3, ஃபைட்டர் 4 என்ற கலப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சரில் குளூம் ஸ்டாக்கர் உட்பிரிவு. இனிஷியேட்டிவுக்கு 3 கூடும், சண்டையின் முதல் முறையில் கூடுதலாக ஓர் அடி, 5-ஆம் லெவலில் நிரந்தர இரண்டாவது அடி. இரு வாள் பாணியை எடுத்தால் இடக்கையிலும் டெக்ஸ்டெரிட்டி சேரும். ஃபைட்டரிடமிருந்து, ஒரு முறையில் கூடுதலாக ஓர் ஆக்‌ஷன் தரும் ஆக்‌ஷன் சர்ஜ்.

டெக்ஸ்டெரிட்டி 20 என்று வைத்து, எல்லா அடியும் பட்டதாகக் கொண்டு பார்த்தால், தூய தீஃப்: முதன்மைக் கை 8.5, இடக்கை இரண்டும் 7, ஸ்னீக் அட்டாக் ஆறு பகடை 21, மொத்தம் 36.5. கலப்பு: முதன்மைக் கை இரண்டு அடி 17, இடக்கை இரண்டு அடி 17, ஸ்னீக் அட்டாக் இரண்டு பகடை 7, மொத்தம் 41. இதில் ஆக்‌ஷன் சர்ஜையும் முதல் முறையின் கூடுதல் அடியையும் நான் சேர்க்கவே இல்லை. ஓர் எதிரி செத்தபின் மீதி அடிகளை அடுத்தவன்மேல் போடலாம் என்ற வசதியும் கலப்புக்கு உண்டு. தூய ரோக்கின் 21 ஒரே உடம்பில் போய் விழுந்து, பாதி வீணாகலாம்.

---

ஊசுடேரி

அண்ணா, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் எல்லா அடியும் படும் என்று கொண்ட இடத்தில்தான் விடை மாறிவிடுகிறது. அதே 65 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். தூய தீஃபின் 15.5-இல் 65 சதவீதம் 10.1, ஸ்னீக் அட்டாக் 21-இல் 95.7 சதவீதம் 20.1, மொத்தம் 30.2. கலப்பின் 34-இல் 65 சதவீதம் 22.1, அதன் ஸ்னீக் அட்டாக் ஏறக்குறைய முழுதாக 6.9, மொத்தம் 29. தூய ரோக் ஒரு புள்ளி மேலே வந்துவிடுகிறார். காரணம், அவருடைய பலத்தில் பெரும்பங்கு மூன்று வாய்ப்பில் ஒன்று பட்டால் போதும் என்ற தொகையில் இருக்கிறது. கலப்பின் பலமோ ஒவ்வோர் அடியாகப் பட்டால்தான் சேரும்.

11-ஆம் லெவலில் ரோக்குக்குக் கிடைக்கும் ரிலையபிள் டேலன்டையும் (தேர்ந்த திறன்களில் பகடை 10-க்குக் கீழே போகாது), 10-ஆம் லெவலில் கிடைக்கும் கூடுதல் ஃபீட்டையும் கணக்கில் எடுக்கவில்லை. பூட்டுகளைத் திறப்பது சண்டை இல்லை என்பீர்கள். ஆட்டத்தின் பாதி நேரம் பூட்டுகளோடுதான் போகிறது.

---

சங்கராபரணி

ஏற்கிறேன், ஆனால் உங்கள் ஒரு புள்ளி எவ்வளவு காலம் நிற்கும்? ஒவ்வோர் அடிக்கும் 2 கூட்டும் ஒரு மோதிரம் முதல் பாகத்திலேயே நிலத்தடியில் விலைக்குக் கிடைக்கிறது. பெயர் காஸ்டிக் பேண்ட். அதை மாட்டினாலே தூய ரோக் 34.1, கலப்பு 34.2. வாள்களுக்கு மந்திரக் கூட்டலும் வந்துவிட்டால் கலப்பு மேலே போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் நான்கு அடிகளில் கூடுவது மூன்று அடிகளில் கூடுவதைவிட எப்போதும் அதிகம்.

இன்னொன்று, அட்வான்டேஜ் இருந்தால் 65 சதவீதம் 87.75 ஆகிறது. அந்தக் கணக்கில், மோதிரம் எதுவும் இல்லாமலே, தூய ரோக் 34.6, கலப்பு 36.8. ஆக அட்வான்டேஜை நம்பி ஆடும் குழுவில் கலப்பு நல்லது. அட்வான்டேஜ் அரிதாகக் கிடைக்கும் குழுவில் தூய ரோக் நல்லது. இந்த அளவில் நாம் இருவரும் உடன்படலாம் என்று நினைக்கிறேன்.

---

ஊசுடேரி

உடன்படுகிறேன். நான் முதலிலேயே சொன்னபடி விடை பார்பேரியன் கையில்தான் இருக்கிறது. ஒரு விலங்கின் குணத்தைத் தேர்ந்தெடுக்கும் வைல்ட்ஹார்ட் உட்பிரிவில் ஓநாய் இதயத்தை எடுத்தால், அவர் வெறிகொண்டிருக்கும்போது அவருக்கு 2 மீட்டருக்குள் இருக்கும் எதிரிகள்மேல் தோழர்கள் கைவாளால் அடிக்கும் அடி அனைத்துக்கும் அட்வான்டேஜ்.

---

கடற்கரைச் சாலை (புதுச்சேரி)

இடையில் ஒரு கேள்வி. 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச்சில் ஸ்வாஷ்பக்ளர் என்ற உட்பிரிவைச் சேர்த்தார்களே? அடித்த எதிரியிடமிருந்து குறுக்கடி வாங்காமல் விலகலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லாமல் ஒற்றைக்கு ஒற்றையாக நின்றால் தோழர் துணையின்றியே ஸ்னீக் அட்டாக் விழும். கைவாள் ரோக்குக்கு என்றே செய்தது போல இருக்கிறது. யாருமே அதைப் பேசவில்லையே?

---

தேங்காய்த்திட்டு

நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவுவது, ஆயுதத்தைத் தட்டிவிடுவது போன்ற தந்திரங்களும் அதில் போனஸ் ஆக்‌ஷனிலேயே கிடைக்கின்றன. டிஸ்என்கேஜுக்கு என்று தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதால் போனஸ் ஆக்‌ஷன் நெருக்கடியும் தணியும். குழுவில் முன்வரிசை வலுவாக இல்லாதவருக்கு, மாயக்காரர்களும் வில்லாளிகளுமாக இருக்கும் குழுவில் ஆடுபவருக்கு, நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதன் இனிஷியேட்டிவ் கூட்டல் கரிஸ்மாவிலிருந்து வருகிறது. கெடிலக்கரையின் கரிஸ்மா 12, எனவே கிடைப்பது ஒன்று. அதைவிட, பார்பேரியன் பக்கத்தில் நிற்கத் தயாராக இருக்கும் குழுவில் தனித்து நிற்பதற்கான சலுகை பெரும்பாலும் பயன்படாமல் கிடக்கும். புள்ளிகளை மாற்றிக்கொண்டு ஆடிப் பார்ப்பதில் தவறில்லை.

---

லாஸ்பேட்டை பார்பேரியன் (புதுச்சேரி)

இவ்வளவு நேரமாக என்னைச் சுற்றியே பேச்சு நடப்பதை இன்றுதான் பார்த்தேன். என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கரடி இதயத்தை எடுத்திருக்கிறேன். வெறிகொண்டிருக்கையில் மனத்தைத் தாக்கும் சேதம் தவிர மற்ற எல்லாச் சேதமும் எனக்குப் பாதிதான். டாக்டீஷியனில் முன்னால் நின்று அடி வாங்குகிறவன் நான்; அதை விட்டுவிட்டு ஓநாயை எடுத்தால் வெட்டு, குத்து, மொத்து ஆகிய மூன்று மட்டுமே பாதியாகும், நெருப்பும் அமிலமும் முழுதாக இறங்கும். எனக்கோ ரெக்லஸ் அட்டாக் இருப்பதால் அட்வான்டேஜ் சொந்தமாகவே கிடைக்கிறது. ஓநாயால் எனக்கு ஒரு துளி நன்மையும் இல்லை.

அதோடு ஒரு கேள்வி. நான் பக்கத்தில் நின்றாலே ஸ்னீக் அட்டாக் விழும் என்று முதலில் சொன்னீர்கள். அப்படியானால் ஓநாய் எதற்கு?

---

ஊசுடேரி

நீங்கள் பக்கத்தில் நிற்பது ஸ்னீக் அட்டாக்குக்கு அனுமதி தருகிறது. அடி படுவதற்கு அது உதவுவதில்லை. ஓநாய் இருந்தால் ஒவ்வோர் அடியும் பட 65-க்குப் பதில் 87.75 சதவீதம், கிரிட்டிகல் விழும் வாய்ப்பு 5-லிருந்து 9.75 சதவீதம். அந்த நன்மை ரோக்குக்கு மட்டும் இல்லை, கிளெரிக் சம்மட்டி எடுத்தாலும் கிடைக்கும்.

ஆனால் உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, முன்னால் நிற்பவர் விழுந்துவிட்டால் அனுமதியும் சேர்ந்து போய்விடும். 3-ஆம் லெவலில் ஒரு நெடு ஓய்வுக்கு மூன்று தடவைதான் வெறிகொள்ள முடியும் என்பதால் ஓநாயை எல்லாச் சண்டையிலும் நம்பவும் முடியாது. அட்வான்டேஜுக்கு வேறு ஊற்றுகள் உங்கள் குழுவிலேயே இருக்கின்றன. பார்டின் ஃபேரி ஃபயர் விழுந்த எதிரிகள் அனைவர்மேலும் அட்வான்டேஜ். கிளெரிக்கின் கைடிங் போல்ட் பட்டவன்மேல் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ். எல்லாவற்றுக்கும் மேல் ஹோல்ட் பர்சன்: அதில் உறைந்து நிற்கும் மனித உருவ எதிரியை அருகில் நின்று அடித்தால் படுகிற அடி எல்லாம் கிரிட்டிகல். 11-ஆம் லெவல் ரோக்குக்கு ஆறு பகடை பன்னிரண்டாகி, ஸ்னீக் அட்டாக் மட்டும் சராசரி 42. அசாசினுக்காக வாதாடிய பார்ட் இந்த ஒரு மந்திரத்தை எடுத்துக்கொண்டால், அவர் ஆசைப்பட்ட அழகைத் தீஃபின் கையாலேயே பார்க்கலாம்.

---

வண்டிப்பாளையத்து பார்ட்

ஃபேரி ஃபயர் இப்போதே இருக்கிறது. ஹோல்ட் பர்சன் இரண்டாம் நிலை மந்திரம், என்னால் ஏற்கெனவே எடுக்க முடியும், எடுத்துவிடுகிறேன். இரண்டுமே மனத்தைக் குவித்துத் தாங்க வேண்டிய மந்திரங்கள் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். என்மேல் அடி விழுந்தால் அது கலையும். ஆகவே யாராவது எனக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

---

சங்கராபரணி

கதையைத் தொடாமல் பொருள்களைப் பற்றி இரண்டு வரி. இரண்டாம் பாகத்தில் ஒரு கோபுரத்தில் ரிஸ்கி ரிங் என்ற மோதிரம் விலைக்கு வரும். அணிந்தவரின் எல்லா அடிக்கும் அட்வான்டேஜ், பதிலுக்கு எல்லாத் தற்காப்புப் பகடையிலும் டிஸ்அட்வான்டேஜ். மயக்கும் மந்திரக்காரர்கள் இருக்கும் சண்டையில் அதைக் கழற்றி வைக்க மறக்கக் கூடாது, இல்லையென்றால் ரோக் நம் பக்கமே திரும்பி நிற்பார். அதற்கு முன்னரே நைஃப் ஆஃப் தி அண்டர்மவுண்டன் கிங் என்ற சிறுவாள் கித்யாங்கி என்ற இனத்தாரின் இடத்தில் கிடைக்கும். பகடையில் 19 விழுந்தாலும் கிரிட்டிகல். முதன்மைக் கைக்கு நெடுங்காலம் அது போதும். டூயல் வீல்டர் ஃபீட் எடுத்து இரண்டு ரேப்பியர் பிடிக்கும் யோசனை இருந்தால், அடிக்கு ஒரு புள்ளியும் கவசத்தில் ஒரு புள்ளியும்தான் இலாபம். அலர்ட் இருக்கும்போது அதற்கு இடமில்லை.

---

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். 3-ஆம் லெவலில் தீஃப்; 5-ஆம் லெவல்வரை வேறு எதையும் தொடாமல் ரோக். மூன்று பகடையும் அன்கேனி டாட்ஜும் கைக்கு வந்தபின் அப்படியே தொடர்வேன். ரேஞ்சர் 5-ம் தீஃப் 3-ம் சேர்வதற்கு 8-ஆம் லெவல் ஆக வேண்டும். அப்போது குழுவில் அட்வான்டேஜ் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பார்த்து, முகாமில் வகுப்பை மாற்றித் தரும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்து மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறேன். லாஸ்பேட்டை நண்பர் கரடியையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் குறிவைக்கும் எதிரியிடமிருந்து 1.5 மீட்டருக்கு அப்பால் ஓடிவிடக் கூடாது என்பது என் ஒரே நிபந்தனை.

---

லாஸ்பேட்டை பார்பேரியன்

ஒப்புக்கொள்கிறேன், என் பங்குக்கும் ஒரு நிபந்தனை: குறியை ரோக் தனியாகத் தீர்மானிக்காமல், என் முறை வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சென்ற சனிக்கிழமை மேடைமேல் நின்ற வில்லாளியிடம் அவர் ஏறிப் போய்விட்டார்; எனக்கு அங்கே ஏற வழியே இல்லை. 8-ஆம் லெவலில் கலப்புக்கு மாறுவதென்றால் சொல்லுங்கள், அன்று நானும் ஓநாய்க்கு மாறுகிறேன். என்னுடைய 100 பொன்னையும் பூட்டுத் திறக்கிறவரே கொடுக்க வேண்டும்.

---

கெடிலக்கரை

பார்டின் பையில் இருக்கிறது. எடுத்துத் தருகிறேன்.